துளிர் இலை மஞ்சள், நரம்பு பச்சை: எந்தச் சத்து குறைகிறது? (தொட்டி எலுமிச்சை)

பால்கனிக்காடு

எல்லோருக்கும் வணக்கம். பெரிய தொட்டியில் வைத்த ஒட்டு எலுமிச்சை. போன பருவம் வரை எந்தக் குறையும் இல்லை. இப்போது வருகிற துளிர் எல்லாம் வெளிறி மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. அடியில் இருக்கும் பழைய இலைகள் கரும்பச்சையாகவே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நுனி மட்டும் கருகியிருக்கிறது.

கொடுப்பது: வாரம் ஒரு முறை 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சம அளவில் உள்ள உரம்) கரைசல், அவ்வப்போது மண்புழு உரம், கொஞ்ச நாளாக எப்சம் உப்பு. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. எதுவும் மாறவில்லை. இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?

பச்சைமிளகாய்

மஞ்சள் என்றாலே நைட்ரஜன்தான் நண்பரே. ஒரு சிட்டிகை யூரியா கரைத்து ஊற்றுங்கள், பச்சைப் பசேல் என்று ஆகிவிடும்.

வேர்முடிச்சு

யூரியாவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நைட்ரஜன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலைதான், அதுவும் நரம்பு உட்பட இலை முழுக்க ஒரே சீராக. இவர் சொல்வது நேர்மாறாக இருக்கிறது.

மஞ்சளாக இருக்கிறது என்பதைவிட, எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதுதான் முக்கியமான தகவல். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் துளிருக்குக் கொடுக்கும். அதனால் அடியிலை அடிபடும். இரும்பு, கால்சியம், போரான், மாங்கனீசு போன்றவை ஓர் இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அநேகமாக அங்கேயே தங்கிவிடும். வேரிலிருந்து புது வரத்து நின்றால் துளிர்தான் பட்டினி கிடக்கும், பழைய இலைக்கு ஒன்றும் தெரியாது. கந்தகமும் துத்தநாகமும் இடைப்பட்ட ரகம், ஆனால் அவையும் பெரும்பாலும் மேல்பக்கமே காட்டும்.

பால்கனிக்காடு, சில கேள்விகள். மஞ்சள் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெல்லிய கிளை நரம்புகள் வரை பச்சை வலைபோல் தெரிகிறதா, இல்லை நடு நரம்பின் இருபுறமும் பட்டையாகப் பச்சை நிற்கிறதா? புது இலையின் அளவு வழக்கம்போல இருக்கிறதா, சிறுத்துவிட்டதா? தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு உண்டா? தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு நேரத்தில் கீழே வடிகிறது?

பால்கனிக்காடு

இப்போதுதான் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய நரம்பு வரை பச்சை, வலைபோலத்தான் இருக்கிறது. மிக இளசான இரண்டு இலைகளில் நரம்புகூட மங்கல், கிட்டத்தட்ட வெள்ளை. இலை அளவு கொஞ்சம்தான் சிறியது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு நன்றாகவே இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. தண்ணீர் உடனே வடிவதில்லை, மேலே கொஞ்ச நேரம் நிற்கும்.

வேர்முடிச்சு

அப்படியென்றால் இரும்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வலை போன்ற பச்சை நரம்பு, துளிரில் தொடக்கம், குறை முற்றும்போது வெளுப்பு, மூன்றும் பொருந்துகின்றன. மாங்கனீசாக இருந்தால் நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டை நிற்கும். துத்தநாகமாக இருந்தால் எலுமிச்சை இனத்தில் இலை குறுகி, கணுவிடை சுருங்கி, துளிர் கொத்தாக நிற்கும். எப்சம் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குறைந்திருந்தால் பழைய இலையில், காம்புப் பக்கம் ஒரு பச்சை முக்கோணம் மட்டும் மிஞ்சி மற்றதெல்லாம் மஞ்சளாகியிருக்கும். உங்களிடம் அது இல்லை. ஆகவே எப்சம் உப்பை நிறுத்திவிடலாம்.

அடுத்தது முக்கியம். இரும்பு குறைவு என்றால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. எந்த மண்ணிலும் செடிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு. பீரோவில் பணம் இருக்கிறது, சாவிதான் இல்லை. பி.எச். (அமில, கார அளவு) ஒரு படி ஏறினால் கரைந்து கிடைக்கும் ஃபெரிக் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் தண்ணீரில் வந்த சுண்ணாம்புச் சத்தும் உர உப்பும்தான். கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் (காரம் தரும் கரைந்த உப்பு) அதிகமிருந்தால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டி மண்ணின் காரம் கொஞ்சம் ஏறும். தோட்டத்தில் என்றால் மண் நிறைய இருக்கிறது, தாங்கும். தொட்டியில் தாங்காது.

மண்வெட்டி

இரும்பு என்று இவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் மேலே நிற்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்.

வேருக்குக் காற்று இல்லாவிட்டால் இதே படம்தான் வரும். எலுமிச்சை போன்ற செடிகள் இரும்பைச் சும்மா உறிஞ்சுவதில்லை. வேர் நுனி அமிலம் கசியவிட்டு, ஃபெரிக் இரும்பை எளிதில் கரையும் ஃபெரஸாக மாற்றித்தான் உள்ளே எடுக்கும். அதற்குச் சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். சேறாகக் கிடக்கும் தொட்டியில் அந்த வேலை நின்றுபோகும். அப்போது நீங்கள் எந்த இரும்பு ஊற்றினாலும் பயன் சொற்பம்தான்.

செடியை உருவிப் பாருங்கள் சார். தொட்டியைச் சாய்த்து, ஓரத்தை உள்ளங்கையால் தட்டினால் மண்ணுருண்டை நழுவும். வேர் நுனி வெள்ளையாக, கிள்ளினால் முறுக்கென்று இருந்தால் நல்லது. பழுப்பாகி, இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறைபோல் உருவி வந்து உள்ளே நூல் மிஞ்சினால் அது அழுகல். மோந்தும் பாருங்கள். நல்ல மண் மழை பெய்த வாசனை தரும், கெட்ட மண் சாக்கடை நாற்றம் அடிக்கும்.

வேர்முடிச்சு

மண்வெட்டி சொல்வது சரி. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், தொட்டியில் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

வேரைப் பார்க்கும் அதே நாளில் இன்னொரு சோதனையும் செய்யலாம். அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம். அவ்வளவு வேண்டாம் என்றால் கால் லிட்டரில் அதே விகிதம். ஒரு மஞ்சள் இலையின் இடது பாதியில் மட்டும் சிறு தூரிகையால் இருபுறமும் தடவுங்கள். வலது பாதியை விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே இன்னோர் இலையில் வெறும் தண்ணீர் தடவுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். வெயில் இறங்கிய பிறகு செய்வது நல்லது. இரும்புதான் பிரச்சினை என்றால் தடவிய பக்கம் சில நாளிலேயே புள்ளிப் புள்ளியாகப் பச்சை ஏறும். தரையிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது, கீழே பழைய காகிதம் விரித்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி70

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைத்தால் இரும்புச் சத்து சேரும் என்பார்களே, அது போதாதா?

மண்வெட்டி

துரு என்பதே ஃபெரிக் ஆக்சைடு, கரையாத இரும்பு. மண்ணில் ஏற்கெனவே டன் கணக்கில் கிடக்கும் அதே சரக்கு. ஆணியால் செருப்பு கிழியும், கால் கிழியும், வேறொன்றும் நடக்காது.

குட்டித்தோட்டம்

அண்ணா, இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். தொட்டித் தக்காளியில் பிஞ்சின் அடிப்பக்கம் (காம்புக்கு எதிர்ப்பக்கம்) கருத்து, தோல்போல் அமுங்கிப் போகிறது. கால்சியம் குறைவு என்று படித்து முட்டை ஓடு பொடித்துப் போட்டேன், எப்சம் உப்பும் ஊற்றினேன். அடுத்த கொத்திலும் அதேதான்.

வேர்முடிச்சு

இது நுனி அழுகல். கால்சியம் காயில் குறைந்ததால் வருவது என்பது உண்மை, ஆனால் மண்ணில் குறைந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கால்சியம் நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும், நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போகும். இலை நிறைய ஆவியாக்கும், காய் மிகக் கொஞ்சம். தொட்டி ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால், இலை தன் பங்கை வாங்கிக்கொள்ளும், காயின் நுனிக்கு வந்து சேராது. காய் வேகமாகப் பெருக்கும் தொடக்க நாட்களில் இந்தத் தடை வந்தால் அந்த இடத்துச் செல்கள் சிதைந்துவிடும். கருப்பு வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். அமில மண்ணில் மெல்லக் கரையும், நடுநிலை மண்ணில் பருவம் முழுக்க அப்படியே கிடக்கும். இந்தத் தக்காளிக்கு அது நேரத்துக்கு உதவாது. எப்சம் உப்போ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மெக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் மூன்றும் வேரில் கால்சியத்தோடு போட்டி போடும். அவற்றை அள்ளிக் கொடுத்தால் கால்சியம் இன்னும் பின்தங்கும்.

செய்ய வேண்டியது: கருத்த காயைப் பறித்துவிடுங்கள், அது குணமாகாது. மண் ஒரே சீரான ஈரத்தில் இருக்கட்டும், மேலே மூடாக்கு போடுங்கள். தொட்டி சிறியதென்றால் அடுத்த முறை பெரியதாக மாற்றுங்கள். நைட்ரஜனைக் குறையுங்கள், தழை தடித்தால் நீரெல்லாம் அங்கேதான் போகும். நீள உருண்டை ரகங்களில் இது அதிகம், சின்ன செர்ரித் தக்காளியில் அரிது. காயின் மேல் கால்சியம் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தோலில் மெழுகுப் படலம் இருப்பதால் உள்ளே போவது சொற்பம்.

குட்டித்தோட்டம்

நன்றி அண்ணா. காலையில் ஊற்றுவேன், மாலையில் துவண்டு நிற்கும். அதையே கவனிக்கவில்லை பாருங்கள். மூடாக்கு போட்டுப் பார்க்கிறேன்.

இலைநுனி

நல்ல விவாதம். என் மிளகாய்ச் செடியில் இலை முழுக்க ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், நிறம் மங்கிவிட்டது. இது எந்த நுண்ணூட்டம்?

மண்வெட்டி

ஊட்டமே இல்லை. வெள்ளைக் காகிதத்தை இலைக்குக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் செஞ்சிலந்தி. விரலால் தேய்த்தால் சிவப்பாகக் கோடு இழுக்கும்.

பொதுவாக ஒரு விதி: சத்துக் குறைபாடு இலையின் இரு பாதியிலும் ஒரே மாதிரி, செடி முழுக்க ஒரே வயது இலைகளில் ஒரே மாதிரி வரும். ஒரு கிளையில் மட்டும், ஒரு பக்கம் மட்டும், அங்கங்கே திட்டுத் திட்டாக என்றால் பூச்சி, நோய், வெயில் காயம், மருந்துத் தெளிப்பு என்று வேறு பக்கம் தேடுங்கள். திட்டுத் திட்டான மஞ்சளோடு இலை முறுக்கிக் கோணலாக வந்தால் வைரஸாக இருக்கலாம், அதற்கு உரம் ஊற்றிப் பயனில்லை.

இலைநுனி

நடக்கிறது சார். நிறையவே நடக்கிறது. வேறு இழை தொடங்குகிறேன்.

பால்கனிக்காடு

தாமதத்துக்கு மன்னிக்கவும். செடியை உருவினேன். மேல்பக்க வேர் நன்றாக இருக்கிறது, நுனி வெள்ளை. தொட்டியின் அடியில் மட்டும் மண் களிபோல் அடைத்திருக்கிறது, அங்குள்ள வேர் பழுப்பு, லேசான நாற்றமும் உண்டு. வடிகால் ஓட்டைகளில் ஒன்று வேராலேயே அடைபட்டிருந்தது.

பாதி இலை சோதனை: தடவிய பாதியில் பச்சைப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. தடவாத பாதி அப்படியே மஞ்சள். தண்ணீர் தடவிய இலையில் மாற்றம் இல்லை. படம் போட்டிருக்கிறேன்.

இரண்டு முள் குத்தும் பி.எச். கருவி ஒன்று வைத்திருக்கிறேன், அது 7 என்று காட்டுகிறது. அப்படியென்றால் மண் சரிதானே?

வேர்முடிச்சு

அருமையான படம். ஒரே இலையில் இப்படி நடுவில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தால் இரும்பு பற்றி வாதாட வேண்டியதில்லை.

அந்த முள் கருவியை நம்பாதீர்கள். எந்தத் தொட்டியில் குத்தினாலும் 7 காட்டும் கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வடிநீரை அளப்பதுதான் சரியான வழி. தொட்டிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மேலே கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரை மெல்ல ஊற்றி, கீழே முதலில் வடியும் ஐம்பது மில்லி அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் பி.எச். தாளோ பேனா போன்ற கருவியோ வைத்துப் பாருங்கள். ஈ.சி. (மின்கடத்துத் திறன்) கருவி இருந்தால் உப்பும் தெரிந்துவிடும். பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு இந்த முறையில் ஈ.சி. 1 முதல் 2.6 வரை இருந்தால் நிம்மதி, 4-ஐத் தாண்டினால் நுனி கருகுவதில் வியப்பில்லை.

கிணற்றுத் தண்ணீரையும் அளவிடுங்கள், ஆனால் அதில் பி.எச். எண்ணைவிடக் காரத்திறன் (அமிலத்தை முறிக்கும் அளவு) முக்கியம். பி.எச். 8 காட்டும் தண்ணீரில் பைகார்பனேட் கொஞ்சமாக இருந்தால் தீங்கில்லை, 7.3 காட்டும் தண்ணீரில் நிறைய இருந்தால் தொட்டி மண்ணைக் கெடுத்துவிடும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கே.எச். சொட்டுப் பரிசோதனையே இதற்குப் போதும். ஒரு டிகிரி கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) சுமார் 18 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 18 பங்கு).

பால்கனிக்காடு

வடிநீர் பி.எச். 7.9, ஈ.சி. 4.6. தண்ணீரின் கே.எச். 14. மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர் அளந்து கொடுத்தார், “இந்தத் தண்ணீரிலா செடி வளர்க்கிறாய்?” என்று கேட்டுவிட்டார்.

மண்வெட்டி

14 என்றால் 250 பி.பி.எம். காரம். 150 தாண்டினாலே தொட்டிக்கு நாளடைவில் தொல்லைதான். நுனி கருகலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது, அது குறைவால் வந்ததில்லை, உப்பு மிகுந்ததால் வந்தது. வாரா வாரம் ஊற்றிய உரம் எங்கே போகும்? வடிகால் அடைத்த தொட்டியில் அது தேங்கித்தான் நிற்கும்.

வேர்முடிச்சு

சரி, இப்போது சிகிச்சை. வரிசை முக்கியம். வேர், வடிகால் முதலில், பிறகு உப்பு, பிறகு இரும்பு, உரம் கடைசியில்.

அடியிலுள்ள களியை உதிர்த்து, அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள். தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் அல்லது கரடுமுரடான மணல், கொஞ்சம் மக்கிய உரம். நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அரைகுறையாக மக்கிய மரத்தூளும் வேண்டாம். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தின்றுவிடும், அப்புறம் அடியிலையும் மஞ்சளாகி இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

மண் மாற்ற மனமில்லை என்றால் ஓட்டைகளைத் திறந்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைநீரோ வடிகட்டிய நீரோ மெதுவாக ஊற்றிக் கழுவலாம். நல்ல தண்ணீர் அவ்வளவு கிடைக்காவிட்டால் முதல் சுற்றைக் கிணற்று நீரிலும் கடைசிச் சுற்றை நல்ல நீரிலும் முடியுங்கள்.

இரும்புக்கு வருவோம். அன்னபேதியை மண்ணில் போட்டால் 7.9 பி.எச்.சில் சீக்கிரமே ஆக்சிஜனேற்றமடைந்து துருவாகிவிடும். கொடுக்கிணைப்பு இரும்பு, அதாவது இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் கீலேட் வேண்டும். பொட்டலத்தில் எந்தக் கீலேட் என்று படியுங்கள், மூன்றும் ஒன்றல்ல. ஈ.டி.டி.ஏ. இரும்பு 6.5 வரைதான் தாங்கும். டி.டி.பி.ஏ. 7, 7.5 வரை. அதற்கு மேல் ஈ.டி.டி.எச்.ஏ. ஒன்றுதான் நிற்கும். அது தண்ணீரில் போட்டதும் அடர்சிவப்பாகக் கரையும், அந்த நிறமே அடையாளம். வெளிச்சத்தில் சிதையும் என்பதால் இலையில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றி மேலே கொஞ்சம் மண்ணால் மூடுங்கள். பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள், வேர் அடிபட்டிருக்கிறது.

நரம்பிலை

ஒரு சின்னத் திருத்தம். 19:19:19-ஐயும் மாற்றச் சொல்ல வேண்டும். அதிலுள்ள 19 பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடு. 0.44-ஆல் பெருக்கினால் தனிப் பாஸ்பரஸ் 8 சதவீதத்துக்கு மேல் வரும். பொட்டாஷையும் அதுபோல 0.83-ஆல் பெருக்க வேண்டும். எலுமிச்சைக்கு நைட்ரஜன் எவ்வளவு தேவையோ அதில் சிறு பங்குதான் பாஸ்பரஸ் தேவை. மிஞ்சிய பாஸ்பரஸ் இரும்போடும் துத்தநாகத்தோடும் முட்டிக்கொள்ளும். பூ நிறைய வரும் என்று எலும்புத்தூளும் அள்ளிப் போடுகிறவர்களின் செடியில் இந்த மஞ்சளை நிறையப் பார்க்கலாம். 3:1:2 விகிதத்தை ஒட்டிய உரம் நல்லது.

நைட்ரஜன் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. நைட்ரேட்டை உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றிக் காரத்தைக் கூட்டும், அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் அமிலத்தைக் கூட்டும். உங்கள் மாதிரித் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் கலந்த உரம் ஒத்துப்போகும்.

குட்டித்தோட்டம்

என் தக்காளிக்கு அம்மோனியம் கூடாது என்றுதானே மேலே சொன்னார்கள்?

நரம்பிலை

ஆமாம், உங்களுக்குக் கூடாது, அவருக்கு ஆகும். செடியும் தண்ணீரும் வேறு.

பச்சைமிளகாய்

இவ்வளவு எதற்கு? தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் விட்டால் பி.எச். இறங்கிவிடுமே.

நரம்பிலை

வாளியில் இறங்கும், தொட்டியில் நிற்காது. வினிகரும் சிட்ரிக் அமிலமும் கரிம அமிலங்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்ப வந்துவிடும். கீலேட் கரைக்கும் தண்ணீருக்கு, இலைத் தெளிப்புக்கு என்றால் சிட்ரிக் அமிலம் சரி. லிட்டருக்கு 0.1 கிராம் போட்டால் 60, 70 பி.பி.எம். காரத்தை அந்த நேரத்துக்கு அடக்கும். நீண்ட நாளைக்கு நல்லது தண்ணீரையே மாற்றுவது. மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே காரம் பாதியாகிவிடும்.

தனிக் கந்தகத் தூளும் ஒரு வழி. அதை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பாக்டீரியா, அதனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் வேலை செய்யும். பொறுமை இல்லாமல் மேலே மேலே போட்டால் ஒரு நாள் பி.எச். தடாலென்று கீழே போய்விடும். பேட்டரி அமிலம் ஊற்றலாம் என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கண், கை, செடி மூன்றுக்கும் ஆபத்து, பழைய பேட்டரியில் ஈயமும் இருக்கும்.

செம்பருத்தி70

யாராவது எல்லாச் சத்துக்கும் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தால் அச்செடுத்து ஒட்டிக்கொள்வேன்.

வேர்முடிச்சு

அட்டவணை வேண்டாம் என்பேன். அதில் எல்லாச் சத்தும் ஒரே அளவு கட்டத்தில் இருக்கும், பார்ப்பவருக்கு எல்லாமே சம வாய்ப்புள்ளதாகத் தோன்றும். வீட்டுத் தொட்டியில் மாலிப்டினம் குறைவை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்? பாஸ்பரஸ் குறைவுகூட அரிதுதான். நாற்று ஊதா நிறமானால் பெரும்பாலும் குளிரில் வேர் சுணங்கியிருக்கும், வெயில் ஏறினால் தானே சரியாகும். தொட்டியில் நிஜமாக அடிக்கடி வருபவை: நீர்த்தேக்கம், உப்புத் தேக்கம், தண்ணீர்க் காரத்தால் இரும்புத் தடை, வெகுநாள் உரமே போடாத தொட்டியில் நைட்ரஜன் பஞ்சம், அடுத்து மெக்னீசியமும் பொட்டாசியமும். அடியிலையின் விளிம்பு மட்டும் தீய்ந்ததுபோல் காய்ந்து உள்நோக்கி நகர்ந்தால் பொட்டாசியம், ஆனால் உப்புக் கருகலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஈ.சி. அளக்காமல் பிரிக்க முடியாது. உப்புக் கருகலைப் பொட்டாஷ் குறைவு என்று எண்ணி மேலும் பொட்டாஷ் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கொடுமை.

செம்பருத்தி70

வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீர் பொட்டாசியத்துக்கு?

மண்வெட்டி

பொட்டாசியம் கொஞ்சம் கரையும், எவ்வளவு என்று ஊற்றுபவருக்கே தெரியாது. கொசுவும் பழ ஈயும் நிச்சயம். தோலை மக்கு உரக் குழியில் போடுங்கள்.

மணிபிளான்ட்

வீட்டுக்குள் வைத்த கொடியில் அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்கிறது, மேலே நன்றாக வளர்கிறது. இதற்கும் சோதனை வேண்டுமா?

வேர்முடிச்சு

வேண்டாம். வயதான இலை உதிரத்தான் செய்யும். ஒரே சமயத்தில் ஐந்தாறு போனாலோ, துளிர் சிறுத்தாலோ கேளுங்கள்.

பால்கனிக்காடு

மண் மாற்றிவிட்டேன், மழைநீர் கலந்து ஊற்றுகிறேன், ஈ.டி.டி.எச்.ஏ. ஒரு முறை கொடுத்தேன் (நிஜமாகவே சிவப்புச் சாயம் போல இருந்தது). நடுவில் இலைகள் கொஞ்சம் துவண்டன, இப்போது நிமிர்ந்துவிட்டன. புதிதாக ஒரு துளிர் வந்திருக்கிறது, பச்சை. பழைய மஞ்சள் இலைகள் கொஞ்சம் தேறியவை, கொஞ்சம் தேறாதவை. அவற்றைக் கிள்ளிவிடலாமா? உரம் எப்போது தொடங்க?

வேர்முடிச்சு

கிள்ள வேண்டாம். மஞ்சள் இலையும் கொஞ்சம் உணவு தயாரிக்கிறது, வேர் மீளும்போது அதுவும் தேவை. தானாக விழட்டும். பழைய இலையைப் பார்த்துச் சிகிச்சையை எடை போடாதீர்கள், அடுத்த இரண்டு துளிரைப் பாருங்கள். உரத்தைப் பச்சைத் துளிர் விரிந்து முற்றிய பிறகு, சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கலாம். மாதம் ஒரு முறை வடிநீரை அளந்து எழுதி வையுங்கள்.

பால்கனிக்காடு

இன்னொன்று. அந்தப் பச்சைத் துளிரோடு பூவும் கொத்தாக வந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா?

மண்வெட்டி

பூவை விடுங்கள், பிஞ்சு பிடித்தால் கிள்ளிவிடுங்கள். பாதி வேர் போன செடி காய் சுமந்தால் துளிருக்குப் பங்கு கிடைக்காது. மனசு கேட்காவிட்டால் ஒன்றே ஒன்று விட்டு வையுங்கள்.